தொட்டிக்கு வைத்த பொட்டு

அவள் குனிந்து, தொட்டியின் ஓரத்தில் கன்னத்தை வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள்.

முன்பக்க ஷீட் தொப்பை தள்ளவில்லை. ஒட்டிய இடங்களில் குமிழி இல்லை. மூன்று மூலையிலும் ஒட்டு சுத்தம்.

செய்தவன் யாரோ, வேலை தெரிந்தவன்.

விற்கிறவனுக்குத்தான் வாய் ஓயவில்லை.

“எட்டடி அக்ரிலிக் மேடம். நகைக்கடையில இருந்த மீன்தொட்டி. கல்லு மாதிரி இருக்கு” என்று குபேந்திரன் மறுபடியும் ஆரம்பித்தான்.

கல் மாதிரி இருந்தால் மாவாட்ட வேண்டியதுதானே. மீன் எதற்கு?

தம்பி திருமலை போனை நோண்டிக்கொண்டிருந்தான்.

“அக்கா, நீ பார்த்துட்டேன்னு அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடு. போதும்.”

அதற்குத்தான் கூட்டி வந்திருக்கிறான். இந்த மாதிரித் தொட்டிகளுக்கு ஷீட் அறுத்து ஒட்டித்தான் அவள் குடும்பமே நடக்கிறது. சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில் “எங்க அக்கா டப்பா ஒட்டுறா” என்று சிரிப்பான். இப்போது இந்தத் துரை ஹோட்டல் திறக்கிறாராம். அக்காவைக் கேட்காமல் தொட்டி வாங்காதே என்று அம்மா சொல்லிவிட்டாள். இல்லையென்றால் இவள் வாசலை எட்டிப் பார்ப்பானா?

நாலாவது மூலைக்கு வந்தாள்.

எல்லா மூலையிலும் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் இருந்தன. காய்ந்து வெளுத்துப் போயிருந்தன. இது சித்திரை மாதம், வேறெப்படி இருக்கும்.

இந்த மூலையில் மட்டும் பொட்டு ஈரமாக இருந்தது. பூரி அகலத்துக்கு.

கட்டைவிரலால் வழித்தாள்.

அடியில் விரிசல். ஒட்டின இடத்திலேயே, விரல் நீளத்துக்கு.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறாள். விரிசலைக் குங்குமத்தில் மறைப்பதை இன்றைக்குத்தான் பார்க்கிறாள். அட பாவி, சாமியையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டானே!

நிறைத்தால் இரண்டு டன் தண்ணீர். இந்த மூலை எப்படித் தாங்கும்?

நிமிர்ந்தாள். குபேந்திரன் முகத்தில் ஈயாடவில்லை.

“என்னக்கா, முடிஞ்சுதா? நாலு ஷீட்டை ஒட்டின டப்பா. இதுல ஆராய்ச்சி பண்ண என்ன இருக்கு?”

சொல்ல வாயெடுத்தவள் மூடிக்கொண்டாள்.

வாங்கட்டும். பட்டால்தான் புத்தி வரும். திறப்பு விழாவன்று பட்டு வேட்டியோடு மீன்களுக்கு நடுவில் நிற்கட்டும். நினைக்கவே அவளுக்கு வயிறு குளிர்ந்தது.

“உன் இஷ்டம்” என்று பையை எடுத்துக்கொண்டாள்.

திருமலை ஆசாரிக்குப் போன் போட்டான்.

“தொட்டி ஓகே. கல்லாவுக்குப் பின்னாடி வெச்சிடலாம். அதை ஒட்டினாப்ல நல்ல நாற்காலியாப் போடு. அம்மா நாள் முழுக்க அங்கதான் உட்காருவாங்க.”

வாசல் வரை போனவள் நின்றாள்.

சொன்னால் கேட்கிற ஜென்மமா அது? கீறல்தானே, பசை போட்டால் போச்சு என்பான். டப்பா ஒட்டுகிறவள் பொறாமையில் சொல்கிறாள் என்று ஊரெல்லாம் சொல்வான்.

திரும்பி வந்தாள். சுவரோரம் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து, விரிசலை ஒட்டிப் போட்டாள்.

“உட்காரு தம்பி. அம்மா உட்கார்ற மாதிரி.”

திருமலை சிரித்துக்கொண்டே உட்கார்ந்தான். கால் மேல் கால் போட்டுக்கொண்டான். முதலாளி அல்லவா.

அவள் குழாயில் மாட்டியிருந்த ஓஸ் பைப்பை எடுத்துத் தொட்டிக்குள் போட்டாள். குபேந்திரனைப் பார்த்தாள்.

“குழாயைத் திறங்க. விளிம்பு வரைக்கும் நிரப்பிப் பார்த்துடலாம்.”

அவன் விரிசலையும் நாற்காலியையும் மாறி மாறிப் பார்த்தான்.

“திறய்யா, என்ன பார்க்கற?” என்றான் திருமலை.

குபேந்திரன் குழாயில் கை வைத்தான். எடுத்தான்.

“சார், நீங்க கொஞ்சம் எழுந்து தள்ளி நில்லுங்க.”