ஒரே ஒரு தடவை

ரத்னபாய் அலமாரியை ஒரே ஒரு தடவை பூட்டிவிட்டு அடுக்களைக்குப் போனாள். அதைப் பார்த்துக்கொண்டிருந்த அவள் கணவன் ஜெயதாஸ் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டான்.

அழமாட்டானா பின்னே? ஆறு வருஷமாக அந்தப் பூட்டை அவள் ஒரு நாளைக்கு நூறு தடவையாவது இழுத்துப் பார்த்திருப்பாள். சாப்பிடும்போது எச்சில் கையோடு எழுந்து ஓடுவாள். சர்ச்சில் ஜெபம் நடக்கும்போதே குன்னத்துகால் ரோட்டில் வீட்டைப் பார்த்து ஓடி வருவாள்.

இத்தனைக்கும் அலமாரிக்குள் ஒன்றும் கிடையாது. ரப்பர் பால் உறைய ஊற்றும் ஆசிட் குப்பி முன்பு அதில் இருந்தது. பூட்டுக்கு இரண்டு சாவி. ஒன்று ரத்னபாயின் கழுத்துச் சங்கிலியில் கிடந்தது, இன்னொன்றை ஜெயதாஸ் தொலைத்து ஆறு வருஷமாயிற்று.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை. நான்கு வயசு மகன் பினுவை ஜெயதாஸிடம் விட்டுவிட்டு, அவள் சர்ச்சில் பெண்கள் கூட்டத்துக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது முற்றத்தில் குப்பி கிடந்தது, பக்கத்தில் பிள்ளை கிடந்தான். ஆஸ்பத்திரிக்குப் போகும் ஜீப்பில், அமரவிளை தாண்டும்போது எல்லாம் முடிந்துவிட்டது.

"எட்டி, நீ பூட்டலியா?" என்று ஜெயதாஸ் அந்த ஜீப்பிலேயே கேட்டான்.

அந்த ஒரு கேள்விதான். பூட்டினேனா, பூட்டவில்லையா என்று அன்றைக்குப் பிடித்தது, அவளை விடவே இல்லை.

பாவம், அவனும் பார்க்காத வைத்தியமில்லை. வீட்டில் ரப்பர் ஷீட் அடிப்பதை நிறுத்தினான், ஆசிட்டை வீட்டுப் பக்கமே சேர்ப்பதில்லை. உபவாச ஜெபம் வைத்தான், மாத்திரை வாங்கிக் கொடுத்தான். கடைசியாக இந்தத் தொண்ணூற்றெட்டில்தான் திருவனந்தபுரத்தில் ஒரு டாக்டர், தலையில் காந்தம் வைக்கும் புது சிகிச்சையைப் பற்றிச் சொன்னார்.

"கரண்டு அடிப்பாங்களா சாறே?" என்று ஜெயதாஸ் பயந்தான்.

"ஷாக் ஒண்ணும் இல்ல, இது காந்தமாக்கும். பூட்டினத கண்ணு கண்டாலும் மனசு சம்மதிக்காது, அதாக்கும் இவங்களுக்க நோய். சந்தேகம் கெளம்புற எடத்த காந்தம் கொஞ்சம் அடக்கிப் பாக்கும். பரீட்சணம்தான், உறுதி சொல்ல மாட்டேன்."

"சந்தேகம் போனா போதும் சாறே. வேற ஒண்ணும் வேண்டாம்." ஜெயதாஸ் கை கூப்பினான்.

மூன்று வாரம் தினமும் பஸ்ஸில் போய் வந்தார்கள். தலைக்குப் பக்கத்தில் மரங்கொத்தி கொத்துகிற மாதிரி டக் டக் என்று சத்தம் கேட்கும், ரத்னபாய் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நேற்றோடு முடிந்தது. இன்று காலையில், ஒரே ஒரு தடவை!

அவள் சாயா கொண்டு வந்து நீட்டினாள். ஜெயதாஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"ரெத்னம், திரும்பப் போய்ப் பாக்கண்டாமா?"

"வேண்டாம். பூட்டினது நல்ல ஓர்மை உண்டு."

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம்!"

அவள் சிரிக்கவில்லை. எதிரில் உட்கார்ந்தாள்.

"இண்ணைக்குள்ளது மட்டுமில்ல, அண்ணைக்குள்ளதும் ஓர்மை உண்டு. பூட்டினேன். இழுத்துப் பாத்தேன். பினுவுக்கு உம்மா குடுத்துட்டு கூட்டத்துக்குப் போனேன்."

ஜெயதாஸ் வாய்க்குக் கொண்டுபோன டம்ளரைக் கீழே வைத்தான். அவள் கழுத்துச் சங்கிலியிலிருந்து சாவியைக் கழற்றி, அந்த டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"மற்ற சாவிய எங்க கொண்டு போட்டீங்க?"