யார் சொல்லி அசைந்தது?

பக்கத்தில் வந்து உட்காருங்கள், கண்ணுகளா. அதட்டலுக்கு அடங்காத ஒருத்தியின் கதை சொல்கிறேன்.

அவள் குடலைப் பற்றி ஆராய்கிறவள். அவளுடைய ஆராய்ச்சிக்கூடத்தின் இயக்குநர், வயிற்று ஆபரேஷன் முடிந்து அன்றுதான் வேலைக்குத் திரும்பினார். வந்ததும் வராததுமாக அவளைப் பிடித்துக்கொண்டார்.

“நான் இல்லாதப்போ யாரக் கேட்டு சோதனை ஆரம்பிச்ச?”

“வேலை நிக்கக் கூடாதுன்னுதான் சார்.”

“மூளை சொல்லாமலே குடல் அசையும்னு காட்டப் போறியாக்கும்! நான் சொல்லாம இங்க ஒரு நாற்காலிகூட அசையாது, தெரியுமில்ல? அறைச் சாவியக் குடு. உன் ஆராய்ச்சி இன்னையோட முடிஞ்சுது.”

“தர மாட்டேன் சார். முதல்ல இதப் பாருங்க.”

கணினியில் படம் ஓடியது. கண்ணாடித் தட்டில், வெதுவெதுப்பான உப்புநீரில், விரல் நீளத்துக்கு ஒரு குடல் துண்டு. குடல்வாழ் கிருமிகள் சுரந்த நீரை அவள் ஒரு சொட்டு விட்டதும், அது புழுவைப்போல் நெளியத் தொடங்கியது.

“எலிக்குடல வச்சு ஏமாத்தாத.”

“மனுஷக் குடல் சார். அதுக்குன்னு சொந்தமா நரம்பு இருக்கு. யார் உத்தரவுக்கும் காத்திருக்கல.”

“எந்த மடையன் குடுத்தான்?”

“வெட்டினத ஆராய்ச்சிக்குக் குடுத்துடுங்கன்னு சர்ஜன்கிட்ட நீங்கதானே சொன்னீங்க? அவர் நமக்கே அனுப்பிட்டார். அங்க நீங்க மயக்கம் தெளியாமப் படுத்திருந்தீங்க. இங்க உங்க குடல் எங்களோட வேலை பார்த்துக்கிட்டிருந்துச்சு.”

இயக்குநரின் கை தானாக வயிற்றுக்குப் போனது. சாவியைக் கேட்காமலே வெளியே போய்விட்டார்.

உங்கள் வீட்டில் எல்லோருக்கும் பசித்த வேளைக்குச் சோறும், தின்றது செரிக்கிற வயிறும் வாய்க்கட்டும், கண்ணுகளா. யாரும் யாரையும் அதட்டாமலே எல்லாம் நடக்கட்டும்.