முப்பத்தேழாவது ஃபோல்டர்

"முப்பத்தாறுதான் வந்திருக்கு சார். ஒரு ஊரு குறையுது."

அம்சம் இப்படிச் சொன்னதும் தலைமை எழுத்தர் நாகநாதன் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

அந்தத் தாலுகா அலுவலகத்தில் முப்பத்தேழு கிராமங்களின் பழைய குத்தகைப் பதிவேடுகளை ஸ்கேன் செய்து, ஊருக்கு ஒரு ஃபோல்டராகக் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தார்கள். ஒப்பந்த ஊழியரான அம்சம் எழுதிய சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று அவற்றை இன்னொரு டிஸ்க்குக்குக் காப்பி செய்யும். முப்பத்தேழும் சரியாக வந்துவிட்டதாக நாகநாதன் கையெழுத்துப் போட்டால் போதும். மக்கிப்போன பதிவேடுகளைக் காகித ஆலைக்கு ஏற்றிப்போக லாரி வாசலிலேயே நின்றது.

குறைந்த ஊர் மருதவிளாகம்.

அந்த ஊர்க்காரர் ரெத்தினம் காலையிலிருந்தே வராந்தாவில் காத்திருந்தார். நாற்பது வருஷமாகக் குத்தகைக்கு உழுதுவரும் எட்டு மா நிலத்தை விட்டு வெளியேறச் சொல்லி மிராசுதார் அவர்மேல் வழக்குப் போட்டிருந்தார். குத்தகைதாரர் என்று அவர் பெயர் எழுதியிருப்பது அந்தப் பதிவேட்டில் மட்டும்தான். வியாழக்கிழமை வாய்தா. நகல் கேட்டு வந்தவரிடம், பேக்கப் முடியட்டும் என்று நாகநாதன் சொல்லிவிட்டார்.

அம்சம் கறுப்புத் திரையில் கட்டளையை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். ஃபோல்டர் பெயரில் இடைவெளி இருந்தால் மேற்கோள் குறிக்குள் போட வேண்டும், இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் பாதிப் பெயரோடு நின்றுவிடும் என்று அவருக்கு விளக்கினாள். குறி போட்டு ஓட்டினாள். ஓடி முடிய ஒன்றேகால் மணி நேரம் ஆனது. முப்பத்தாறு.

அடுத்து, அந்த ஃபோல்டரைத் திறக்க அனுமதி இல்லையோ என்று சந்தேகப்பட்டாள். அதையும் மாற்றி ஓட்டினாள். மறுபடி ஒன்றேகால் மணி. முப்பத்தாறு.

மிராசுதாரின் காரியஸ்தர் கோவிந்தராசு இரண்டு முறை போன் செய்தார். நாகநாதன் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், ஆயிடும், இன்னைக்கே ஆயிடும் என்று தணிந்த குரலில் சொன்னார்.

பக்கத்து அறையில் ஸ்கேனர் ஓடிக்கொண்டிருந்தது. இலவச கலர் டி.வி. பட்டியலுக்கு ரேஷன் கார்டுகள் ஏறுகின்றன என்று ஸ்கேன் வேலை பார்க்கும் ஹபீபுன்னிசா சொல்லியிருந்தாள். டோக்கனுக்கு வந்த கூட்டம் ஜன்னல் வழியே அவளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்துபோனது.

சாப்பாட்டுக்குப் பிறகு அம்சம் ஃபைல் பெயர்கள் நீளமோ என்று பார்த்தாள். அதுவும் இல்லை.

"தஞ்சாவூர்லேருந்து கம்பெனி ஆளை வரச் சொல்லவா சார்? ஃபோல்டரத் திறந்து பாத்தா என்னன்னு சொல்லிடுவாங்க."

"வெளியாள் எதுக்கும்மா?" நாகநாதன் அவசரமாகத் தடுத்தார். "உள்ள எல்லாம் பாத்துக்கிட்டிருக்க வேணாம். எண்ணிக்கை முப்பத்தேழுன்னு வந்தாப் போதும்."

சரி சார் என்று அம்சம் மறுபடி தட்டினாள்.

நாலரை மணிக்குத் திரையில் முப்பத்தேழு வந்தது. நாகநாதன் முகத்தைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். மூட்டைகளை ஏற்றிக்கொண்டு லாரி கிளம்பிப் போனது. வீட்டுக்குப் புறப்படும்போது நாகநாதன் ரெத்தினத்தின் எதிரில் நின்றார்.

"எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏறிடுச்சு பெரியவரே. உங்க பேரு அதுல இருந்தா அம்சம் எடுத்துக் குடுக்கும். இல்லேன்னா எங்களால ஒண்ணும் பண்றதுக்கில்ல."

அவர் ஸ்கூட்டர் சத்தம் அடங்கிய பிறகு அம்சம் எண்பத்து மூன்றாம் பக்கத்தை அச்சடித்து எடுத்து வந்தாள். ரெத்தினத்தின் பெயர், அவர் அப்பா பெயர், சர்வே எண் எல்லாம் அதில் தெளிவாக இருந்தன. நாளைக்கு வந்து தாசில்தாரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளச் சொன்னாள். அவர் தாளைத் தள்ளிப் பிடித்து இரண்டு தரம் படித்தார்.

"காலையிலேருந்து ஏதோ கோளாறுன்னாங்களே தாயி, என்னவாம் அது?"

"கோளாறு ஒண்ணுமில்லைங்க ஐயா. காலி ஃபோல்டரா இருந்தா இது காப்பி பண்ணாது, அவ்வளவுதான்."

காலை ஒன்பது மணிக்கு அவள் திறந்து பார்த்தபோது மருதவிளாகம் ஃபோல்டரில் ஒரு பக்கம்கூட மிச்சம் வைக்காமல் யாரோ அழித்திருந்தார்கள். லாரிக்குக் கட்டியிருந்த மூட்டையிலிருந்து அந்தப் பதிவேட்டை உருவிக்கொண்டு போன ஹபீபுன்னிசா, இருநூற்றுப் பன்னிரண்டு பக்கங்களையும் மறுபடி ஸ்கேன் செய்து முடிக்கும்வரை, அம்சம் நாகநாதனைத் திரைக்கு முன்னாலேயே உட்கார வைத்திருந்தாள்.