வாசலில் ஒரு பின் இருக்கை

காரிலிருந்து கழற்றிய பின் இருக்கை வாசலில் வெயில் காய்ந்தது. மழையில் கண்ணாடியை ஏற்ற மறந்தவன் கதிரேசன். பஞ்சு நனைந்து பூஞ்சை நாற்றம் பிடித்துவிட்டது. அவன் அம்மா மூக்குக்கு மட்டும் அது கருவாட்டு நாற்றம். “உங்கப்பாவ ஏத்திட்டுப் போனா இப்படித்தான்,” என்று மருமகளைக் குத்தினாள். அந்தக் காரே, மருமகள் மாரிசெல்வியின் அப்பா கருவாடு விற்றுக் கல்யாணச் சீராகக் கொடுத்தது.

மாரிசெல்வி ஆப்பசோடாவைத் தூவி, பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினாள். காய்ந்ததும் மாமியார் குனிந்து முகர்ந்தாள்.

“இப்ப வாடை இல்ல. ஆனா இனிமே சம்பந்தி இதுல உக்காரக் கூடாது.”

அந்த நேரம் பார்த்துச் சந்தையிலிருந்து நேராக வந்துவிட்டார் அப்பா. பேச்சு காதில் விழுந்திருக்க வேண்டும். வாசலோரம் ஒதுங்கி நின்றார்.

“உக்காருங்கப்பா,” என்று இருக்கையைக் காட்டினாள் மாரிசெல்வி.

“இருக்கட்டும்மா. துணியெல்லாம் கருவாட்டு வாடை.”

“தெரியும். உக்காருங்க.”

அவர் தோள்துண்டை எடுத்து இருக்கைமேல் விரித்தார். அவள் அதை உருவி எறிந்தாள்.

“செல்வி, அம்மா சொல்றதக் கொஞ்சம்...” என்று இழுத்தான் கதிரேசன்.

“நீங்க முதல்ல கண்ணாடிய ஏத்தப் பழகுங்க.”

அப்பா நுனியில் உட்கார்ந்தார்.

“நல்லா பின்னால தள்ளி உக்காருங்கப்பா.”

தள்ளி உட்கார்ந்தார். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். மாரிசெல்வி அவரை ஒட்டி உட்கார்ந்துகொண்டு, மிச்சமிருந்த இடத்தைக் கையால் தட்டினாள்.

“நீங்களும் வாங்க அத்தை. இன்னும் ஒரு ஆளுக்கு இடம் இருக்கு.”