அரிசி அளவு தொய்வு

தையல்காரர் இருதயராஜ் தம் பழைய சைக்கிளில் எஞ்சின் ஒன்றைத் தாமே பூட்டினார். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க சைக்கிள் நிற்க வேண்டுமானால், பிடியை அழுத்தினதும் இரண்டையும் பிரித்துவிடுவது கிளட்ச் ஒயரின் வேலை. தொங்குகிற நூலைக் கண்டாலே இருதயராஜுக்கு ஆகாது. ஒயரையும், எப்போதும் பிடியை அழுத்தியே வைத்தது போல, விறைப்பாக இழுத்துக் கட்டிவிட்டார்.

மேடு வந்தது. எஞ்சின் தொண்டை கிழியக் கத்தியது. சைக்கிளோ நகர்வேனா என்றது.

“மூச்சு முட்ட உழைக்கிறேன் பெரிசு, நீ அசைய மாட்டேங்கிறியே!” என்றது எஞ்சின்.

“உன் உழைப்பு எங்கிட்ட வந்து சேரலையே, தம்பி” என்றது சைக்கிள்.

“என்னை இழுத்தே பிடிச்சிருந்தா நீங்க ரெண்டு பேரும் எப்படிண்ணே சேர்வீங்க?” என்று ஒயர் முனகியது. யார் காதிலும் விழவில்லை.

எரிச்சலில் இருதயராஜ் ஒயரை ஒரேயடியாகத் தளர்த்தினார். இப்போது பிடியை அழுத்தியும் எஞ்சின் சைக்கிளை விடவில்லை. வண்டி வாழைப்பழக் கடைக்குள் போய்த்தான் நின்றது.

கடைக்கார அம்மாவிடம் வயிறு நிறையத் திட்டு வாங்கிய பிறகு, மனசே இல்லாமல் ஓர் அரிசி அளவு தொய்வு விட்டுக் கட்டினார். வண்டி மேட்டிலும் ஏறியது, சொன்ன இடத்திலும் நின்றது.

“என் பலத்தைப் பாத்தியா?” என்றது எஞ்சின்.

“என் பொறுமையைச் சொல்லு” என்றது சைக்கிள். பிறகு முதன்முறையாக இரண்டும் ஒத்துப்போயின: “நாம இந்தப் பாடு படுறோம், ஒயர் பய மட்டும் சும்மா தொங்கிக்கிட்டு வரான்!”

ஒயரின் கவலை வேறு. வீட்டு வாசலில் இறங்கிய இருதயராஜ் அந்தத் தொய்வையே முறைத்துக்கொண்டு நின்றார்; கை தானாக ஸ்பேனரைத் தேடிக்கொண்டிருந்தது.