தெருமுனைச் சத்தம்

“சத்தம் வேணும் தம்பி. சும்மா புஸ்ஸுன்னு கிளம்பணும். தெருவே திரும்பிப் பாக்கணும்” என்றார் பூவனநாதன்.

பட்டறைக்காரன் இசக்கிராஜா ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தான். அறுபத்துமூன்று வயது. கோவில்பட்டி பஜாரில் பலசரக்குக் கடை. நெற்றி நிறையத் திருநீறு. அவருக்குப் பின்னால் நின்றது அவர் மகள் விஜியின் டர்போ கார், வாங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை. பூனை நடக்கிற மாதிரி ஓசையில்லாமல் ஓடுகிற வண்டி.

“இது காலேஜ் பயலுவ கேக்குத வேலை அண்ணாச்சி.”

“ஏன், நான் கேக்கக்கூடாதா? மாட்டுவண்டிப் பந்தயத்துல சாட்டை பிடிச்ச கை தம்பி இது!”

ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்று இசக்கிராஜா மனதுக்குள் சிரித்துக்கொண்டான். ஆனாலும் ஸ்பேனரை எடுக்கவில்லை. ‘என்னையக் கேக்காம ஒரு ஸ்க்ரூவக்கூட மாத்தக்கூடாது’ என்று வண்டி வாங்கிய அன்றே சொல்லிவைத்தவள் விஜி. அவள் வேலை பார்க்கும் ஓட்டப்பிடாரம் தாலுகா ஆபீஸில் பாதிப் பேர் அவள் சொல்லித்தான் இந்தப் பட்டறைக்கு வண்டி கொண்டுவருகிறார்கள். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டால் இவன் ஈ ஓட்ட வேண்டியதுதான்.

“தங்கச்சிக்குத் தெரிஞ்சா என் பொழப்பு போயிரும் அண்ணாச்சி.”

“அவ டிரெயினிங்னு மதுரைக்குப் போயிருக்கா. சாயங்கால ரயிலுக்குத்தான் வாரா. கேட்டா, புது வண்டி ஓட ஓட இப்படித்தான் தொண்டை திறக்கும்னு நான் சொல்லிக்கிடுதேன். மாட்டேன்னு சொல்லிராத தம்பி, உனக்குப் புண்ணியமாப் போகும்.”

அப்பா வயதுக்காரர் இப்படிக் கெஞ்சினால் என்னதான் செய்வது? போதாக்குறைக்கு அந்தச் சத்தமென்றால் இசக்கிராஜாவுக்கும் உயிர். நடக்கிறது நடக்கட்டும் என்று பானெட்டைத் திறந்தான்.

டர்போ அழுத்தித் தள்ளும் காற்றை எஞ்சினுக்குக் கொண்டுபோகும் அலுமினியக் குழாயை முதலில் கழற்றி வெளியே எடுத்தான். வண்டியிலேயே வைத்துத் துளை போட்டால் சீவல் எஞ்சினுக்குள் போய்க் குடியைக் கெடுத்துவிடும். பக்கத்துத் தீப்பெட்டி ஆபீஸில் சாப்பாட்டு மணி அடித்து ஆட்கள் வெளியேறும்வரை பொறுத்திருந்து, துளை போட்டு, அதில் நிப்பிள் என்கிற சின்னக் குழாய்முனையை வைத்து வெல்டிங் அடித்தான். தீப்பெட்டி மருந்து பக்கத்திலேயே இருப்பதால், பொறி பறக்கிற வேலையை அந்த நேரத்தில்தான் செய்வான்.

குழாயைக் கழுவித் துடைத்து மாட்டினான். நிப்பிளில் ஹோஸைச் செருகி, அதன் முனையில் ஒரு விசில் வால்வை இறுக்கினான். பூவனநாதனை எஞ்சினை முறுக்கச் சொல்லிவிட்டு, வெல்டிங் வாயில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தான். காற்றுக் கசிந்தால் குமிழி வரும். வரவில்லை.

நிமிரும்போதுதான் கவனித்தான். “அண்ணாச்சி, சட்டைப் பையில எறும்பு ஊருது.”

“பலசரக்குக் கடைக்காரன்னா எல்லாம் ஊரத்தான் செய்யும். நீ வேலையப் பாரு” என்று அவர் அவசரமாகத் தட்டிவிட்டார்.

எட்டயபுரம் ரோட்டில் ஓட்டிப் பார்க்கக் கிளம்பினார்கள்.

“இது எப்பவும் கத்தாது அண்ணாச்சி. ஆக்சிலேட்டர்ல அமுக்கிட்டு, வளைவுல திரும்புததுக்குக் காலை எடுப்பம்லா, அப்பதான்.”

“திரும்பும்போது வருமா? அது போதும் தம்பி, எனக்கு அது போதும்!”

இசக்கிராஜா ஓர் அமுக்கு அமுக்கிவிட்டுக் காலை எடுத்தான்.

“புஸ்ஸ்ஸ்!”

கரிசல் காட்டில் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் திசைக்கொன்றாகச் சிதறின. பூவனநாதன் சீட்டிலேயே ஒரு குதி குதித்தார். “இன்னொரு தடவ!” என்றார். அப்புறம் இன்னொரு தடவை. ஆடு மேய்த்தவர் கம்பை ஓங்கிக்கொண்டு வருகிற வரைக்கும் இது நடந்தது.

“எம்புட்டுத் தூரம் கேக்கும்?”

“ஒரு தெரு முழுக்கக் கேக்கும்.”

“நீ நல்லா இருக்கணும்லே!” என்று அவன் கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுத்தார். இந்த வயதில் மனிதருக்கு இப்படி ஒரு கிறுக்கா என்று அவனுக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

சிரிப்பெல்லாம் அன்றைக்கு மட்டும்தான். அடுத்த ஒரு வாரம் பட்டறை வாசலில் எந்தக் கார் நின்றாலும் விஜியோ என்று எட்டிப் பார்த்தான்.

எட்டாம் நாள் காலை, ரோட்டு வளைவில் “புஸ்ஸ்ஸ்!” என்றது. விஜியேதான். இறங்கி வந்தவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

“அண்ணே, இது உங்க கைவேலைதான?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. “மன்னிச்சிரு தங்கச்சி. அண்ணாச்சி ரொம்ப ஆசைப்பட்டாவ. இப்பமே கழட்டிருதேன். என் செலவுல புதுக் குழாயே போட்டுத் தாரேன்” என்று ஸ்பேனரைத் தேடினான். அது அவன் கையில்தான் இருந்தது.

“கழட்ட வேண்டாம்ணே. உள்ள உக்காந்த மேனிக்கே சத்தத்த நிறுத்துத மாதிரி ஒரு சுவிட்ச் மட்டும் போட்டுக் குடுங்க.”

“சத்தம் பிடிக்கலையாம்மா?”

“ரொம்பப் பிடிச்சிருக்கு. எங்க தெருமுனையில திரும்பும்போது மட்டும் வேண்டாம்.”

இசக்கிராஜாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. “அங்கன மட்டும் ஏன்?”

விஜி பெருமூச்சு விட்டாள்.

“எங்கப்பாவுக்கு சுகர் முந்நூறுண்ணே. சத்தம் கேட்டதும் கடலமிட்டாய் டப்பா பரணுக்கு ஏறிருது!”