கீறல் விழாமல்

முதலில் தூசியைக் கழுவ வேண்டும். தூசியோடு தேய்த்தால் பெயிண்டில் கோடு விழும். ஜெரினா எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பவள். எதையும் வரிசைப்படிதான் செய்வாள்.

வெள்ளைக் காரின் டிக்கியில் ஷாம்பு கலந்த தண்ணீரை ஊற்றி, அப்பாவின் பழைய பனியனால் ஒற்றி எடுத்தாள்.

நட்டநடுவில், ஒரு சாண் நீளத்துக்கு அந்த ஸ்டிக்கர். 'வழக்கறிஞர்'. காரைக்குடிப் பக்கத்து வெயிலில் வருஷக்கணக்காகக் காய்ந்து, கறுப்பு எழுத்து சாம்பல் நிறத்துக்கு வந்திருந்தது.

மணி இரண்டே முக்கால். சனிக்கிழமை. நாலு மணிக்குள் முடித்தாக வேண்டும்.

நகத்தால் நெம்பினாள். ஓரம் பொடிப்பொடியாக உதிர்ந்ததே தவிர உரியவில்லை. பிளேடு எடுத்தால் ஐந்து நிமிஷ வேலை. ஆனால் பிளேடு பெயிண்டையும் சேர்த்து வழித்துவிடும். ஒரு கீறல்கூட விழக் கூடாது என்பதில் அவள் உறுதியாக இருந்தாள்.

வீட்டுக்குள்ளிருந்து ஹேர் டிரையரை எடுத்து வந்தாள். வயர் வாசலோடு நின்றுவிட்டது.

எதிர் வீட்டுத் தேனப்பன் மளிகைக் கடைக்காரர். கடையில் ஒரு சாக்கு நூல் இலவசமாகக் கேட்டால்கூட யோசிப்பார். அவர் இறங்கி வந்து, நீளமான எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றை அவள் காலடியில் வைத்தார். வந்த வேகத்தில் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

டிரையரை முடுக்கினாள். அது ஆலை மாதிரி இரைந்தது.

உடனே பக்கத்து வீட்டுப் புஷ்பவள்ளி டிவியின் சத்தத்தைக் கூட்டினாள். சீரியலில் மாமியார் அழுத அழுகை தெரு முழுக்கக் கேட்டது.

தெருமுனையில் இஸ்திரி போடும் கருப்பம்மாள் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு வந்து, மூன்றாம் வீட்டு மாடிப்படி தெரிகிற இடமாகப் பார்த்து நிறுத்தினாள்.

"பதறாமச் செய்யி தாயி. நான் இங்குட்டுத்தான் நிக்கிறேன்."

சூட்டை ஒரே இடத்தில் காட்டக் கூடாது. டிரையரை ஆட்டிக்கொண்டே இருந்தாள். பசை இளகியதும், காலாவதியான ஏ.டி.எம். கார்டில் துணியைச் சுற்றி, கடைசி எழுத்திலிருந்து ஆரம்பித்தாள். 'ர்' வாழைப்பழத் தோல் போல வந்தது. 'ஞ'தான் உயிரை வாங்கியது. தையல் நூலை இரட்டையாக மடித்து அடியில் விட்டு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்து அறுத்தாள்.

மூன்றேகாலுக்கு அறிஞர் உரிந்துபோனார். வழக்கு மட்டும் மிச்சமிருந்தது.

மூன்றரைக்கு அதுவும் போனது.

ஒட்டியிருந்த பசைமேல் தேங்காய் எண்ணெயைத் தடவி, ஊறவிட்டு, வட்டம் வட்டமாகத் துடைத்தாள். ஸ்டிக்கர் இருந்த இடம் மட்டும் புதுக் கார் போலப் பளிச்சென்று எழுத்தைக் காட்டியது. சுற்றிலும் பாலீஷ் போட்டுத் தேய்த்தாள். தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. விடவில்லை. கடைசியில் உற்றுப் பார்த்தாலும் தெரியாத அளவுக்கு வந்துவிட்டது.

இஸ்திரிப் பெட்டி வண்டிமேல் இரண்டு தரம் டொக், டொக் என்று விழுந்தது.

டிவி சட்டென்று அடங்கியது.

மூன்றாம் வீட்டு மாடிப்படியில், மத்தியானத் தூக்கம் கலைந்த முகத்தோடு, சாவியைச் சுழற்றிக்கொண்டு பாண்டீஸ்வரன் இறங்கி வந்தார்.

"என் வண்டில என்ன பண்றீக?"

அது அவருடைய கார்தான்.

எட்டு மாதமாக அதை ஜெரினா வீட்டு கேட்டை மறித்துத்தான் நிறுத்துகிறார். அவர் வாசலில் வெயில். இங்கே வேப்பமர நிழல். எடுக்கச் சொன்னால் டிக்கியில் இரண்டு விரலால் தட்டிக் காட்டுவார். "கோர்ட்ல பாத்துக்கிருவமா?" என்பார். தெருவே வாயை மூடிக்கொள்ளும்.

போன செவ்வாய்க்கிழமை, முழங்கால் ஆபரேஷன் ஆன அவள் அப்பா ஞானசேகர், காருக்கும் கேட்டுக்கும் நடுவில் வாக்கரோடு ஒருக்களித்து நுழையப் பார்த்து விழுந்தார். தூக்கிவிட்டவர் தேனப்பன். மறுநாளே கடையை அடைத்துவிட்டுத் தேவகோட்டைக்குப் பஸ் ஏறினார். அந்தக் காரை விற்ற வக்கீலைத் தேடிப் பிடித்துவிட்டுத்தான் திரும்பினார். ஸ்டிக்கர் அந்த வக்கீலுடையது. பாண்டீஸ்வரன் மனை வாங்கி விற்கிறவர். கோர்ட் வாசலைக்கூட மிதித்ததில்லை.

"யாரக் கேட்டு எடுத்தீக? கேஸ் போட்டுருவேன், ஆமா!"

ஜெரினா பனியனை உதறி மடித்தாள். குரல் வகுப்பறைக் குரலாகவே வந்தது.

"கீறல் இருக்கான்னு பாருங்கண்ணே. ஒண்ணு இருந்தாலும் போடுங்க."

அவர் குனிந்து பார்த்தார். உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். கண்ணாடி போலிருந்த டிக்கியில் அவர் முகம்தான் தெரிந்தது. அதற்குப் பின்னால் ஒவ்வொரு வாசலாகத் திறந்து ஆட்கள் வந்து நிற்பதும் தெரிந்தது.

"போடுங்க தம்பி," என்றாள் கருப்பம்மாள், ஒரு சட்டைக் காலரை அழுத்தித் தேய்த்தபடி. "போடுறப்ப மட்டும் நல்ல வக்கீலாப் பாத்து வச்சுக்கங்க."

முதலில் சிரித்தது தேனப்பன். பிறகு யார் யார் சிரித்தார்கள் என்று கணக்கில்லை.

பாண்டீஸ்வரன் ஏறி உட்கார்ந்து வண்டியை எடுத்தார்.

நாலேகாலுக்கு, பிசியோதெரபிக்குக் கூட்டிப்போகிற ஆட்டோ கேட்டை ஒட்டி வந்து நின்றது. ஞானசேகர் வாக்கரை முன்னால் வைத்து, ஒருக்களிக்காமல், நேராக வெளியே வந்தார்.